எனக்கு நாய் இல்லையே

ஸ்பானிஷ் வகுப்பின் இரண்டாவது சனிக்கிழமை. "எனக்கு ஒரு நாய் இருக்கிறது" என்று ஆளுக்கு ஒருமுறை சொல்லச் சொன்னார்கள். தெங்கோ உன் பெர்ரோ. புத்தகத்தில் நாய்ப்படமும் போட்டிருந்தது. வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தோம். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நாய் கிடையாது. என் வாடகை ஃபிளாட்டில் ஒரு செடிகூட இல்லை. ஆனாலும் கூசாமல் சொன்னேன். முறை என் பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் வந்தது.

"நோ தெங்கோ பெர்ரோ" என்றார். எனக்கு நாய் இல்லை.

ஆசிரியை இளம் மராட்டிப் பெண். சிரித்தபடி, "இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்லுங்கள், இது பயிற்சிதானே" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"எனக்கு நாய் இல்லையே மேடம்."

"சரி, பூனை?"

"அதுவும் இல்லை."

"அப்படியானால் என்னதான் இருக்கிறது?"

அவர் நன்றாக யோசித்தார். "தெங்கோ ஊனா மெஸா" என்றார். எனக்கு ஒரு மேசை இருக்கிறது.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று வகுப்பு முடிகிற நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஜோடியாகப் பிரித்து, கடைசி வாய்மொழித் தேர்வு வரை இதே ஜோடிதான் என்று அறிவித்தார்கள். அவரையும் என்னையும் பார்த்து ஆசிரியைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "நீங்கள் இருவரும் தமிழ்! புரியாததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்."

நான் கோயம்புத்தூர்க்காரி. புனே பக்கத்துச் சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. எங்களுக்கு மெக்சிகோவில் ஒரு ஃபாக்டரி உண்டு. அங்கே இரண்டு வருஷத்துக்கு ஆள் அனுப்பப்போகிறார்கள், ஸ்பானிஷ் சர்ட்டிபிகேட்டில் நல்ல கிரேடு வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை என்று மேனேஜர் சொன்னார். அதற்காகத்தான் சனி, ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டு, மழையில் நனைந்து, சிவாஜிநகர் பக்கம் இருந்த அந்தக் கல்லூரிக்குப் போய்வந்தேன். எனக்கு ஸ்பானிஷ் மேல் தனிக் காதல் ஒன்றும் இல்லை. மெக்சிகோ வேண்டும், அவ்வளவுதான்.

என் ஜோடிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் லேபில் வேலை. பிறந்ததே புனேவில். தமிழ் பேசுவார், ஆனால் அதில் இந்தியும் மராட்டியும் கலந்திருக்கும். எழுதப் படிக்க வராது. லேபில் தப்பாக எழுதிவிட்டால் ரப்பரோ வெள்ளை மையோ போடக்கூடாதாம். ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அடித்தது என்ன என்று பிறகு வருபவருக்குத் தெரிய வேண்டும். ஸ்பானிஷ் நோட்டையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். ஒரு வினைச்சொல் தப்பாகப் போனால் கோடு, கையெழுத்து, தேதி. முதல் மாதம் அந்த நோட்டைப் பார்த்தால் ஏதோ கோர்ட் பத்திரம் மாதிரி இருக்கும்.

வகுப்பு ஆரம்பித்ததும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். "முய் பியென்", ரொம்ப நன்றாக இருக்கிறேன், என்று பதில் வரும். பத்து விநாடியில் முடிகிற சமாச்சாரம். அவரிடம் நான் கேட்டால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது மாதிரி இருக்கும். பிறகு "ரெகுலார்", சுமார், என்பார். ஒருநாள் "மால்" என்றார், மோசம். ஆசிரியை பதறிப்போய் ஏன் என்று கேட்டார். முட்டிவலி என்று சொல்ல ஸ்பானிஷ் தெரியாமல், அகராதியைப் புரட்டி, முட்டியைத் தேடி, வலியைத் தேடி, நான்கு நிமிஷம். எல்லா ஜோடியும் முடித்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, பியென்னு சொல்லிட்டுப் போயிடலாமில்லீங்க" என்றேன்.

"முட்டி வலிக்குதே."

"அது எனக்குத் தெரியுமுங்க. வகுப்புக்கு எதுக்குங்க?"

"அவங்கதான எப்படி இருக்கேன்னு கேட்டாங்க?"

நான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

உணவகப் பாடம் இன்னும் மோசம். நான் சர்வர், அவர் சாப்பிட வந்தவர். "இன்று மீன் இருக்கிறது, சூப் இருக்கிறது" என்று நான் அடுக்கினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "மீன் எங்க இருக்கு?" என்று தமிழில் கேட்டார். கடைசியில் ஆசிரியையே விட்டுக்கொடுத்தார். கல்லூரி கேன்டீன் பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டு வந்து, வடா பாவும் போஹா என்கிற அவலும் வைத்து அந்த உரையாடலை நடத்தினோம். வடா பாவுக்கு ஸ்பானிஷில் பெயர் இல்லை. உருளைக்கிழங்கு, ரொட்டி, சூடு என்று நான் உளறியதில் மதிப்பெண் போனது.

ஒருமுறை வீட்டுப்பாடம் எங்கள் இருவருடையதும் ஒரே மாதிரி இருந்தது. "சேர்ந்து செய்தீர்களா?" என்று ஆசிரியை சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்றால் முடிந்தது. சேர்ந்து செய்ய அனுமதி உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "இல்லை. இவள் செய்தாள். நான் மெட்ரோவில் பார்த்து எழுதினேன்" என்றார். காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை, தன்னைத்தானே மாட்டிவிட்டுக்கொண்டார். ஆனால் விதி இருவருக்கும் பொது. இருவருக்கும் பூஜ்யம். அன்று திரும்பும்போது, மெட்ரோவில் அவர் இறங்கும் பிம்ப்ரி வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்டவர் பாராட்டினால் அதற்கு மட்டும் தனி ருசி. ஸ்பானிஷில் பெர்ரோ என்று அழுத்தி உருட்டினால் நாய். பெரோ என்று மெதுவாகச் சொன்னால் ‘ஆனால்’. வகுப்பில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தது. "உன்னோட ர்ர மட்டும்தான் டீச்சர் ர்ர மாதிரி இருக்கு. மத்தவங்க எல்லாம் பேகார், வேஸ்ட்" என்றார் ஒருநாள். எங்களுக்குத் தமிழில் பெரிய ற, சின்ன ர என்று இரண்டு உண்டு, பள்ளிக்கூடத்தில் அறை, அரை என்று சொல்லிப் பழக்குவார்கள் என்றேன். அவருக்கு அது புதுச் செய்தி. "மத்லப், அப்படின்னா நான் பேசற தமிழ்லயும் ரெண்டு இருக்கா?" என்று கேட்டார். அதிலிருந்து ஒரு வாரம் மெட்ரோவில் அறை, அரை, அறை, அரை என்று ஓயாத ஜபம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

எதற்காக இந்த வயதில் ஸ்பானிஷ் என்று எல்லோரும் அவரைக் கேட்டிருந்தோம். அவர் மகள் ஸ்பெயினுக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பாள்.

"நான் அஞ்சு நிமிஷம் பேசறேன். அவ ரெண்டே வார்த்தைல அங்க சொல்லி முடிச்சுடறா" என்றார். "சம்பந்தியம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நெறைய பேசறாங்க. இவ ‘நல்லா இருங்கன்னு சொல்றாங்கம்மா’ங்கறா. நடுவுல எங்கயோ சாமான் காணாமப் போகுது. என்னன்னு எனக்குத் தெரியணும்."

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிறு. மழை கொட்டியது. வகுப்பு முடிந்து இருவரும் கேன்டீனில் மாட்டிக்கொண்டோம். அப்போது வீடியோ கால் வந்தது. மகள் போனைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். திரையில் நரைத்த குட்டை முடி, பெரிய தோடு, கையில் காபிக் கோப்பை. அந்த அம்மா பேச ஆரம்பித்ததும் இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "நீ கேளு. கேட்டு எனக்குச் சொல்லு."

முதலில் எல்லாம் சுலபமாகவே போனது. மழையா என்றார், மழைதான் என்றோம். மகள் நல்லவள், கடுமையாக வேலை செய்கிறாள் என்றார். சொன்னேன். பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, நெஞ்சில் கைவைத்து, உங்கள் கணவர் என்று ஆரம்பித்து, கே என் பாஸ் தெஸ்கான்ஸே என்று முடித்தார். அமைதியில் இளைப்பாறட்டும். செத்தவர்களைப் பற்றிச் சொல்வது அது. ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருக்கிறேன்.

எனக்குக் குழப்பம். இவர் கணவர் உயிரோடுதான் இருந்தார். வகுப்பில் குடும்பப் பாடம் நடந்தபோது, விதவை என்ற சொல்லை விட்டுவிட்டுத் திருமணமானவர் என்ற கட்டத்தில்தான் டிக் போட்டார். கணவரைப் பற்றி மெட்ரோவில் ஒருமுறை கேட்டபோது "வீட்ல இல்ல" என்றார். ஏதோ வெளியூர் வேலை என்று நினைத்துக்கொண்டேன். யார் அந்த அம்மாவிடம் அவர் செத்துப்போனதாகச் சொன்னது? மகளைத் தவிர யார் இருக்கிறார்கள்?

"என்ன சொன்னாங்க?" என்று இவர் உலுக்கினார்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்றாங்க."

"எதுக்கு ரெஸ்ட்?"

"உடம்பு சரியில்லைன்னு நினைச்சிருப்பாங்களாட்ட இருக்குங்க."

அவர் தலையாட்டினார். பேசி முடித்ததும் நோட்டை எடுத்து, அந்தச் சொற்களைக் காதில் விழுந்தபடியே தேவநாகரியில் எழுதினார். எதிரே நான் சொன்ன அர்த்தத்தையும் எழுதினார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கத்தை அப்படியே ஆசிரியை முன் நீட்டினார். ஆசிரியை படித்துவிட்டு, யார் இறந்தது என்று கேட்டார்.

இருக்கைக்குத் திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"நீ தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

"தெரிஞ்சேதாங்க."

"ஏன்?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

"எனக்குச் சங்கடமா இருக்கும்னு நீ எப்படி முடிவு பண்ணே?"

குரலை உயர்த்தவில்லை. நான் சொன்ன அர்த்தத்தின் மேல் ஒரு கோடு போட்டார். சரியான அர்த்தத்தை எழுதினார். கையெழுத்து, தேதி. எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததற்கு இப்படியா என்று கோபமும் வந்தது. திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன், "சார் எங்கீங்க இருக்கார்?" "வீட்ல இல்ல" என்றார் மறுபடியும். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. பொய்யும் சொல்ல மாட்டார், விஷயத்தையும் சொல்ல மாட்டார்.

வாய்மொழித் தேர்வு நவம்பரில். ஜோடியாக உள்ளே போய் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கும் தலைப்பில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, பதில் சொல்லி, பேச்சை நகர்த்த வேண்டும். எப்படி நகர்த்துகிறோம் என்பதற்குத்தான் நிறைய மதிப்பெண். நான் எல்லாத் தலைப்புக்கும் உரையாடல் எழுதித் தயார் செய்தேன். ஊர், சாப்பாடு, வானிலை எல்லாம் சரியாக வந்தது. குடும்பத்தில் இடித்தது.

"என் கணவர் எஞ்சினியர், உயரமானவர், அன்பானவர். இவ்வளவுதாங்க. பரீட்சைக்கு மட்டும்."

"நக்கோ" என்றார். வேண்டாம்.

"ஏங்க, என்னோட மெக்சிகோ இதுல இருக்குதுங்க!"

கெஞ்சினேன். கடைசியில், குடும்பம் வந்தால் மகளைப் பற்றி மட்டும் பேசுவது என்று ஒப்புக்கொண்டார். மகள் ஸ்பெயினில் இருக்கிறாள், மகளுக்கு முடி நீளம், மகளுக்கு மாம்பழம் பிடிக்கும். எல்லாமே உண்மை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

குடும்பம்தான் வந்தது. எங்கள் ஆசிரியையும், வெளியிலிருந்து வந்த வயதான தேர்வாளர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டேன், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "எனக்கு ஒரு மகள். என் மகள் ஸ்பெயினில் வாழ்கிறாள்." இதுவரை ஒத்திகைப்படி. அடுத்தது முடி. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "என் மகள் தன் அப்பா இறந்துவிட்டார் என்று சொல்கிறாள். மி மரிதோ நோ எஸ்தா முவெர்தோ. விவே என் நாசிக் கோன் ஓத்ரா முஹேர்." என் கணவர் இறக்கவில்லை. நாசிக்கில் வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். "பதினோரு வருஷம்" என்றும் சேர்த்தார்.

ஐந்து மாதத்தில் அவர் இவ்வளவு நீளமாக, ஒரு பிழைகூட இல்லாமல், தடுமாறாமல் பேசி நான் கேட்டதில்லை.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஆசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் பேச வேண்டும். என் தலையில் இருந்த ஸ்பானிஷ் எல்லாம் வடிந்துபோய், எழுதி வைத்த கேள்விகளில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

"அவர் உயரமா?" என்று கேட்டேன்.

"இல்லை. குள்ளம்" என்றார்.

அவ்வளவுதான். பிறகு எனக்கு எதுவும் வரவில்லை. தேர்வாளரே ஏதேதோ கேட்டு முடித்துவைத்தார்.

முடிவு வந்தபோது அவருக்கு என்னைவிட நல்ல மதிப்பெண். சரளம், இலக்கணம், இயல்பு என்று எழுதியிருந்தார்கள். எனக்கு உரையாடலை முன்னெடுக்கத் தெரியவில்லையாம். கம்பெனி கேட்ட கிரேடுக்கு ஒரு படி கீழே நின்றது. மெக்சிகோவுக்கு என் டீமிலிருந்தே வேறொருவர் தேர்வானார். அவருக்கு மூட்டை கட்ட லிஸ்ட் போட்டுக்கொடுத்ததும் நானே.

நடுவில், நான் கேட்காமலேயே என் ஜோடி கல்லூரியின் ஸ்பானிஷ் துறைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆசிரியை அதை எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் நான்கே வரி. ‘தேர்வு அன்று ஒத்திகையை மீறிப் பேசியது நான். என் ஜோடிக்கு என்னைவிட ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும். தெரிந்தே தவறாக மொழிபெயர்க்கும் அளவுக்குத் தெரியும். அவருக்குத் தனியாக ஒரு தேர்வு வைக்க வேண்டுகிறேன்.’ ஆசிரியை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். தனித்தேர்வுக்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்துவிட்டது. உதவிக்கு வந்த இடத்திலும் அந்த மூன்றாவது வரியை எழுதாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

சர்ட்டிபிகேட் வாங்கப் போன ஜனவரியில், திரும்பும்போது மெட்ரோ நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தவிர்க்கப் பார்த்தேன். அவர் நேராக என்னிடமே வந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டேன். "அன்னைக்கு அதைச் சொல்லித்தான் ஆகணுமாங்க? உங்க பொண்ணைப் பத்தித்தான நான் கேட்டேன்? வீட்டுக்காரரைப் பத்தி யாருங்க கேட்டாங்க?"

"யாரும் கேக்கல" என்றார்.

"பின்ன?"

அவர் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "சம்பந்தியம்மாகிட்ட சொல்லணும்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிப் பார்க்கணும்னு இருந்துச்சு. இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. லேப்ல தெரியாது. எங்க ஃபிளாட் சொசைட்டில தெரியாது. அவர் துபாய்ல இருக்கார்னு எல்லாரும் அவங்களே நினைச்சுக்கிட்டாங்க. நான் சொல்லல, மறுக்கவும் இல்ல."

"சம்பந்தியம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். காபிக் கோப்பையைக் கீழ வெச்சாங்க. அப்புறம் ‘ஆய், இஹா’ன்னாங்க. இஹான்னா மகள்தான? நான் அவங்களைவிட மூணு வயசு பெரியவ."

"திருத்தினீங்களா?"

"இல்ல. விட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "என் பொண்ணுதான் பேசறதில்ல. ரெண்டு மாசமாச்சு" என்றார்.

எனக்கு வருத்தமாகவும் இருந்தது. இவருடைய ஒத்திகைக்கு என் மெக்சிகோவா கிடைத்தது என்று எரிச்சலாகவும் இருந்தது. அறிவிப்பு கேட்டது, வண்டி வருகிறது.

"மி மரிதோ" என்று தொடங்கி அந்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் புரியாது. "இதைத் தமிழ்ல சொல்லு. எனக்கு ஆரம்பிச்சா பாதியில நின்னுடுது. நீ சரியா சொல்லு."

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். பிறகு சொன்னேன். "என் வீட்டுக்காரர் சாகலை. நாசிக்ல வேற ஒருத்தியோட இருக்கார்."

அவர் உதட்டை அசைத்து அதைக் கேட்டுக்கொண்டார். புருவம் சுருங்கியது.

"விவேன்னா இருக்கார் இல்லியே. வாழறார்தான?"

"ஆமாங்க. ஆனா தமிழ்ல இருக்கார்னுதான்..."

"வாழறார்னு சொல்லு."

"நாசிக்ல வேற ஒருத்தியோட வாழறார்" என்றேன்.

"ஆ, அதுதான்" என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. கதவு திறந்ததும் கூட்டத்தோடு உள்ளே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

நான் ஏறவில்லை. கோபம் முழுசாகப் போயிருக்கவில்லை. அடுத்த வண்டியில் போனேன்.